தகரத்துக்குள் ஒரு சில்லர்

சிவகாசிப் பக்கம் ஏதாவது கம்பெனிக்குள் நுழைந்ததும் புதுத் தகரம் பளபளத்தால் எனக்கு எரிச்சல் வரும். எதையோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் அது நான் மாட்டிவிட்டுப் போன மெஷினாகத்தான் இருக்கும்.

சில்லர் மாட்டுவது என் தொழில். ஆப்செட் மெஷின் ஓட ஓட அதன் உருளைகள் சூடாகும், அச்சு கெடும். வெளியே நிற்கும் சில்லர் தண்ணீரைக் குளிரவைத்து உள்ளே அனுப்பி, அங்குள்ள சூட்டை வாங்கி வந்து காற்றில் விடும். பக்கவாட்டில் காற்றை இழுத்து, உச்சியில் இருக்கும் விசிறி வழியே வெந்த காற்றை மேலே தள்ளும். சுற்றிலும் ஆள் நடக்க இடம், தலைக்கு மேல் வானம், இவ்வளவுதான் அது கேட்பது. தொழுவத்து எருமை இதைவிட அதிகம் கேட்கும்.

இதை ஒரு காலண்டர் அச்சக முதலாளிக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. நான் காட்டிய இடம் மேற்கே நல்ல திறந்தவெளி. அவர் காட்டியது வடகிழக்கு மூலை.

"தண்ணி சம்பந்தப்பட்டது ஈசானியத்துலதான் இருக்கணும் தம்பி. ஜோசியர் சொல்லிட்டாக."

அந்த மூலையின் மதில் சுவரில் ஒரு விளக்கு மாடம் வேறு இருந்தது. கம்பெனியைக் கூட்டிப் பெருக்கும் அம்மா அந்தி நேரத்தில் அதில் விளக்கேற்றுவார். ஜோசியரோடு யார் மல்லுக்கட்டுவது? சுவரைவிட்டு நன்றாகத் தள்ளி கான்கிரீட் மேடை போடவைத்தேன். மட்டம் பார்த்து இறக்கி, எர்த் தனியாகக் கொடுத்தேன். சுற்றிலும் எதையும் வைக்காதீர்கள், மேலே எதையும் மூடாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். தலையாட்டுவதில் அந்த வட்டாரத்திலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

ஆனி கடைசியில் போன் வந்தது.

"என்ன மெஷின மாட்டிட்டுப் போயிருக்கீக? குளுரவே மாட்டேங்கு. ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் வெளியிடணும். என் பொழப்பக் கெடுத்துராதீக."

அடுத்த வருஷக் காலண்டரின் மாதிரிகளையெல்லாம் ஒரே ஆல்பமாகத் தைத்து ஆடிப் பதினெட்டு அன்று பூஜை போட்டு வெளியிடுவது அங்கே வழக்கம். அந்தத் தேதி நெருங்கிவிட்டால் முதலாளிகளுக்குக் கண்மண் தெரியாது.

விருதுநகரில் பஸ் ஏறிப் போனேன். மூலையில் என் சில்லரைக் காணோம். நாலு பக்கமும் தகரம், மேலேயும் தகரம், நடுவில் குனிந்து நுழைய ஒரு கதவு. கதவுக்கு மேலே நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரு திருஷ்டிப் பொம்மை. விளக்கு மாடமும் தகரத்துக்குள்ளே போய்விட்டிருந்தது.

"என்ன அண்ணாச்சி இது?"

"கெழக்க இருக்கது பங்காளி பிரஸ்ஸு. அவன் கண்ணு பட்டா அம்புட்டுத்தான் தம்பி."

பங்காளி என்றால் சொந்தப் பெரியப்பா மகன். குலசாமி கோயிலில் இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடிப்பார்கள். ஆனால் இவர் என்ன மெஷின் வாங்கினார் என்று அவருக்குத் தெரிந்துவிடக் கூடாதாம்.

உள்ளே போனேன். மேலே போன வெந்த காற்று தகரத்தில் முட்டித் திரும்பி, அதையே சில்லர் மறுபடியும் இழுத்துக்கொண்டிருந்தது. நின்ற இடத்தில் சட்டை நனைந்துவிட்டது. பேனலைத் திறந்து பார்த்தால் ஒரு துண்டு வயர். குளிர வைக்கும் கேஸின் அழுத்தம் எல்லை தாண்டினால் மெஷினைத் தானாக நிறுத்தும் சுவிட்ச் ஒன்று உண்டு. அதை வேலை செய்யவிடாமல் அந்த வயர் குறுக்கே கிடந்தது.

"சும்மா சும்மா நின்னுச்சு சார். அதான் டைரக்ட் குடுத்துட்டேன்" என்றான் கம்பெனி எலெக்ட்ரீஷியன். பெருமை வேறு.

அந்த நேரத்தில் பெருக்கும் அம்மா கையில் எரியும் விளக்கோடு வந்து, கதவுக்குள் நுழையக் குனிந்தார். முழங்கைக்குக் கீழே கன்றிப்போன தழும்பு. சூடான செம்புக் குழாயில் பட்டதாம்.

"உள்ள அடுப்படி கணக்கா இருக்கு சார். வெளக்க வச்சிட்டு ஓடியாந்துருவேன்."

நான் அவரை மறித்து நிறுத்தினேன். மெயின் சுவிட்சை இறக்கி, என் பையிலிருந்த பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்தேன். முதலாளி ஓடி வந்தார். அழுத்தம் ஏறிக் குழாய் வெடித்தால் கேஸோடு மெஷினுக்குள் இருக்கும் கொதிக்கிற எண்ணெயும் பீறிடும், பக்கத்தில் நெருப்பு இருக்கிறது, உள்ளே இருக்கிற ஆள் தப்ப முடியாது என்றேன். அடைத்த இடத்தில் நெருப்பு வைத்தால் என்ன ஆகும் என்று பட்டாசு ஊரில் பிறந்த மனிதருக்கு நான் பாடம் நடத்த வேண்டியிருந்தது.

"ஆடிப் பதினெட்டு வரைக்கும் ஓடட்டும் தம்பி. சாமி வெளக்கு எரியுற எடம், ஒண்ணும் ஆகாது."

"சரி அண்ணாச்சி. பூட்டத் தொறந்து மெஷின ஓட விடுதேன். இன்னைக்கு வெளக்க நீங்க உள்ள கொண்டுபோயி வைங்க."

விளக்கை அந்த அம்மாவிடமிருந்து வாங்கி அவரிடம் நீட்டினேன். அவர் விளக்கைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். இரண்டு கைகளும் தாமாக முதுகுக்குப் பின்னால் போயின.

தெரியாமல் செய்கிற முட்டாளைத் திட்டிவிட்டு மறந்துவிடுவேன். இவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தினமும் தெரிந்தேதான் அந்த அம்மாவை உள்ளே அனுப்பியிருக்கிறார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"ஏலே, தகரத்தப் பிரிங்கலே" என்றார், எலெக்ட்ரீஷியனைப் பார்த்து.

பிரித்தார்கள். வயரை எடுத்து சுவிட்சைச் சரிசெய்து ஓடவிட்டேன். தண்ணீர் குளிர்ந்தது. உச்சி விசிறியைப் பார்க்க ஏணியில் ஏறியபோது கிழக்குச் சுவருக்கு அப்பால் பங்காளியின் வளாகம் தெரிந்தது. அவர்களுடைய ஈசான மூலையில் நாலு பக்கமும் தகரம், மேலேயும் தகரம். கதவுக்குள்ளிருந்து ஒரு பெண் குனிந்து வெளியே வந்து முந்தானையால் முகத்தை விசிறிக்கொண்டாள். இன்னொரு கையில் எண்ணெய்க் கிண்ணம்.

நான் பார்த்ததைச் சொன்னதும் முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அவனும் வாங்கிட்டானா? மறைச்சுல்ல வச்சிருக்கான் களவாணிப் பய!"

பையைத் தூக்கிக்கொண்டு பங்காளி பிரஸ்ஸின் கேட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் நான் வந்த திசையைப் பார்த்தார்.

"அந்த பிரஸ்ஸுல இருந்து வர்ற ஆள உள்ள விடக்கூடாதுன்னு மொதலாளி சொல்லிருக்காக."

"உள்ள விட வேண்டாம். வெளக்கு வைக்கிற அம்மாவையாவது இங்கன கூப்பிடுங்க. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருதேன்."

"இப்பத்தான் பின்வாசல் வழியா வீட்டுக்குப் போகுது" என்று சொல்லிக்கொண்டே கேட்டைச் சாத்தினார். "நாளைக்கு வெளக்கு வைக்க வரும்."