முழங்காலுக்குக் கீழே ஒரு நீலக் கோடு

என் மாமனாரின் வலது காலில் நர்ஸம்மா பேனாவால் போட்ட நீலக் கோடு இன்றும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. கணுக்காலுக்கு மேல் படர்ந்திருந்த சிவப்பைச் சுற்றி அந்தக் கோட்டைப் போட்டுவிட்டு, "செவப்பு இதத் தாண்டுச்சுன்னா யோசிக்காதீங்க, உடனே தூக்கிட்டு வந்துருங்க. இல்லன்னா காலு தங்காது" என்று என்னிடம் சொன்னார்.

மாமா ஜெகதாப்பட்டினத்து ஐஸ் கம்பெனியில் நாற்பது வருஷம் ஐஸ் பார் உடைத்தவர். "ஐஸு மேல நின்னாலும் எனக்குக் குளுராது ஆத்தா, காலு பழகிருச்சு" என்று பெருமையாகச் சொல்வார். அது பழக்கமல்ல, சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சியே போய்விட்டது என்பது, உள்ளங்காலில் ஆணி ஏறியதுகூடத் தெரியாமல் நடந்து புண் குழிவிழுந்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. மாதக்கணக்கில் ஆறாத அந்தப் புண்ணைச் சுத்தம் செய்து, டாக்டர் மெல்லிய படலம் ஒன்றை வைத்துக் கட்டினார். மீன் தோலில் செய்ததாம். அதைப் பிடித்துக்கொண்டு புதுச்சதை வளருமாம். ஐந்து நாள் கட்டைப் பிரிக்கக் கூடாது. "இத்தன வருசம் மீனுக்கு நான் ஐஸ் போட்டேன், இப்ப மீனு எனக்குக் கட்டுப் போடுது" என்று மாமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தை உயிரோடு இல்லை. கணவர் சிங்கப்பூரில். திருக்கோகர்ணம் வீட்டில் அந்தக் காலுக்குக் காவல் நான் ஒருத்திதான்.

கட்டுக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாது. வெளியே தெரிந்த ஒரே சாட்சி அந்தக் கோடு. எழுந்ததும் பார்ப்பேன், உலை வைத்துவிட்டு வந்து பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் சிவப்பு கூடியது போலவே இருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று மாமா கேலி செய்வார். "கோட்டத் தாண்டலையே ஆத்தா, நல்லாப் பாரு." தாண்டவில்லைதான். நாலாம் நாள் காலை அவர் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்தபோது, எப்போதோ ஐஸ் பார் விழுந்து வெட்டிய தழும்பு கண்ணில் பட்டது. முதல் நாள் கோடு அந்தத் தழும்புக்கு நாலு விரல் கீழே இருந்தது. இப்போது தழும்பு கோட்டுக்கு உள்ளே இருந்தது. பழைய கோட்டை ஈரத்துணியால் தேய்த்து அழித்த தடமும் தெரிந்தது. தலையணைக்கு அடியில் என் பேனா கிடந்தது.

"என்ன மாமா பண்ணி வச்சிருக்கீங்க?" என்றேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "காட்டுனா வெட்டிருவாங்களேன்னு பயமா இருந்துச்சு ஆத்தா" என்றார். ஆட்டோவில் போகிற வழியெல்லாம் என் கையை அவர் விடவில்லை. கால் போயிற்று. அவர் போட்ட கோட்டுக்குச் சற்று மேலே எடுத்தார்கள். முன்னாலேயே வந்திருந்தால் விரல்களை எடுத்ததோடு முடிந்திருக்கும் என்றார் டாக்டர். மாமா போய்ச் சேர்ந்த பிறகும் அவர் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

இப்போது எனக்கும் சர்க்கரை. போன வாரம் செருப்புக் கடித்த இடம் சிவந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் சுற்றிக் கோடு போட்டுக்கொள்ளலாம் என்று பேனாவை எடுத்துக் குனிந்தேன். கை தானாகவே சிவப்பை விட்டு ஒரு விரல் தள்ளிப் போய் நின்றது. வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்ட கணவரைக் கூப்பிட்டுப் பேனாவை நீட்டினேன்.

"என்னங்க, நீங்க போடுங்க. ஒட்டியே போடுங்க."