முதுகில் பொட்டு வைத்த பென்டிரைவ்

வாலாஜாபாத் சாலையில் நான் நடந்துகொண்டிருந்தபோது சட்டைப் பையில் ஒரு பென்டிரைவ் இருந்தது, அதன் முதுகில் ஈரம் காயாத குங்குமப் பொட்டு. அது இன்னும் என்னிடம் இருக்கிறது. பொட்டுதான் போய்விட்டது. அன்று பிள்ளையார்பாளையத்தில் பார்த்த வேலையை விட்டுக் கிளம்பியிருந்தேன். அந்த வேலையை இல்லாமல் ஆக்கியவன் நானேதான் என்பதால் யார்மேலும் கோபம் இல்லை.

அங்கே என்னை வேலைக்கு வைத்திருந்தவரை எல்லோரும் டிசைன் அக்கா என்பார்கள். புடவைக் கரைக்கு மயிலும் யாளியும் கணினியில் வரைந்து, நெசவாளர்கள் கொண்டுவரும் பென்டிரைவில் ஏற்றிக் கொடுப்பார். அதைத் தறிமேல் இருக்கும் பெட்டியில் செருகி நெய்வார்கள். பக்கவாதம் வந்தபின் அக்காவின் வலது கை சொன்னபடி கேட்கவில்லை. இடது கையில் மவுசைப் பிடித்து வரையப் பழகிக்கொண்டார். ஆனால் அவருடைய லினக்ஸ் கணினியில் பென்டிரைவ் தானாகத் திறக்காது. ஒவ்வொரு முறையும் கறுப்புத் திரையில் நீளமாகக் கட்டளை அடிக்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து. அதை அடிக்கத்தான் என்னை வைத்திருந்தார். எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். ஊர் ஊராகத் திரிந்ததில், ஒரு பிரவுசிங் சென்டரில் தரை கூட்டியபடி பார்த்துக் கற்றதுதான் என் கணினி அறிவு.

அக்கா கடை நடத்திய அறை அவருடைய தம்பிக்குச் சொந்தம். ஜரிகை வைக்க அவருக்கு இடம் வேண்டியிருந்தது. ஒருநாள் வந்து சொன்னார்: "கூட ஒரு ஆளு வெச்சிக்கினுதான் நடத்தணும்னா கடை எதுக்குக்கா? தனியா பாத்துப்பியா சொல்லு. இல்லைனா ரூமைக் குடுத்துடு."

அவர் போனபின் அக்கா கேட்டார்: "அது தானா தொறக்கற மாதிரி பண்ண முடியுமாபா?" கேட்டபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பென்டிரைவைச் செருகியதும் கவனித்துத் திறந்துவிடும் சின்ன நிரல் ஒன்று உண்டு. அந்தக் கணினியில் அது இல்லை. போனில் தேடிப் படித்து அதை ஏற்றினேன். கணினி எழும்போதே அதுவும் எழும்படி செய்தேன். செருகியதும், உள்ளே இருந்ததெல்லாம் திரையில் வந்து நின்றது. அக்கா உருவி உருவிச் செருகிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை தம்பி வந்திருந்தார். ஒரு நெசவாளர் புது டிசைனுக்காக பென்டிரைவை நீட்டினார். அக்கா செருகினார். திரையில் ஒன்றும் வரவில்லை.

"மிஷினும் உன்ன மாதிரியே மக்கர் பண்ணுதுக்கா" என்றார் தம்பி. அக்காவின் இடது கை மேசையைவிட்டு மடிக்கு இறங்கியது.

நான் உருவிப் பார்த்தேன். புது டிசைன் ஏறும் பென்டிரைவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுவது அங்கே வழக்கம். இந்த நெசவாளர் அதன் உலோக வாய்க்குள்ளேயே அப்பியிருந்தார். தீக்குச்சியில் துணி சுற்றித் துடைத்துக் கொடுத்தேன். அக்கா தன் கையாலேயே செருகினார். திறந்தது.

"சாமிக்குத்தானே வெச்சேன்" என்று முனகினார் நெசவாளர்.

"முதுகுல வைப்பா. வாயை அடைச்சா சாமி எப்படிப் பேசும்?" என்றார் அக்கா. தம்பியும் சிரித்துவிட்டார். "ஜரிகைக்கு வேற எடம் பாக்கறேன்" என்று செருப்பை மாட்டினார்.

நான் கிளம்பும்போது அக்கா இந்தப் பென்டிரைவைக் கொடுத்தார். "உள்ள ஒரு மயிலு போட்டு வெச்சிருக்கேன். இந்தப் பக்கம் வந்தா சும்மாவாச்சும் உக்காந்துட்டுப் போபா."

மறுநாள் காலை வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கச் சேர்ந்தேன். மேஸ்திரி என் சட்டைப் பையை எட்டிப் பார்த்தார். "இன்னாபா அது, பொட்டெல்லாம் வெச்சிக்கினு? உள்ள இன்னா இருக்குது?"

"மயிலு" என்றேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, முதல் மூட்டைக்கு முதுகைக் கொடுத்தேன்.