மன்னார்க் கடற்கரைப் பூங்காவில் நின்றுபோன ராட்டினம்

மீள்குடியேற்றக் காலத்தில் மன்னார் வீதி திருத்தப்பட்டதும், ஓகஸ்ட் விடுமுறைக்கு மகளோடு அங்கே போனேன். கடற்கரையில் உள்ள சிறிய விளையாட்டுப் பூங்காதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அது திறந்த புதிதில் ஒருமுறை கூட்டிப் போயிருந்தேன். அப்போது எல்லாம் பளிச்சென்று இருந்தது.

வவுனியாவிலிருந்து காலை ஏழு மணி பஸ். ஏறத்தாழ எண்பது கிலோமீற்றர். தீவுக்குக் கடல் கடக்கும் தாம்போதியில் ஏறியதும் இரு பக்கமும் கடல்; வலப்பக்க யன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். நகரிலிருந்து பூங்காவுக்கு ஓட்டோவில் பத்து நிமிடம். "முந்தின மாதிரி இல்லை, பாத்துப் போங்கோ" என்றார் ஓட்டோக்காரர்.

அவர் சொன்னது சரிதான். நீர்ச்சறுக்கில் தண்ணீர் இல்லை, கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சங்கிலி ராட்டினம் மட்டும் சுழன்றுகொண்டிருந்தது. அதன் வரிசையில் எங்களுக்கு முன்னால், நானாட்டானிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்த செல்வராணி நின்றார். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பியவர்.

மகனை இருக்கையில் ஏற்றியவர் உடனே இறக்கினார். பிள்ளை விழாமல் தடுக்கும் குறுக்குக் கம்பியில் கொக்கி இல்லை. நைலோன் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஒரு மாதமாக இப்படித்தான் ஓடுகிறது, ஒன்றும் நடக்கவில்லை என்றார் இயக்குபவர்.

"இவ்வளவு நாளும் கயிறு அறேல்லை எண்டுறியள். இண்டைக்கும் அறாதெண்டு சொல்லுவியளோ?" என்று கேட்டார் செல்வராணி.

பிறகு வரிசையின் பக்கம் திரும்பினார். "நான் பிள்ளையளை ஏத்தமாட்டன். நீங்களும் ஒருக்கா வந்து பாருங்கோ. பிறகு உங்கட விருப்பம்."

சிலாவத்துறையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர் முதலில் போய்ப் பார்த்தார். நாலைந்து இருக்கைகளில் அதே கயிறு. தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். நானும் மகளின் கையைப் பிடித்து விலகினேன். கொஞ்ச நேரத்தில் வரிசையே இல்லை. ராட்டினம் ஆளில்லாமல் நின்றது.

மேலாளர் வந்து, விருப்பமில்லாதவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

"போறதுக்கு வரேல்லைத் தம்பி, விளையாட வந்தனாங்கள். திருத்துங்கோ, இருக்கிறம்" என்றார் செல்வராணி.

உண்மையிலேயே இருந்தோம். வேப்பமர நிழலில் சாப்பாட்டுப் பொதிகள் அவிழ்ந்தன. சிலாவத்துறைக் குடும்பம் பொரித்த மீனை எல்லோருக்கும் நீட்டியது. புதிதாக வந்தவர்களுக்கும் யாராவது ஒருவர் கயிற்றைக் காட்டினார். அவர்களும் எங்களோடு உட்கார்ந்தார்கள்.

இவ்வளவு துணிவு எங்கிருந்து வந்தது என்று செல்வராணியிடம் கேட்டேன். "முகாமில தந்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்து பழகிட்டம். சொந்த ஊருக்கு வந்தும் அப்பிடியே இருக்கோணுமோ?" என்றார், பிள்ளைக்குச் சோறு குழைத்தபடியே.

பின்னேரம் உரிமையாளரே வந்தார். கயிற்றைக் கையில் பிடித்துப் பார்த்தவரின் முகம் மாறியது. ராட்டினத்தை மூடச் சொல்லிவிட்டு, மன்னிப்புக் கேட்டார். யாரும் கைதட்டவில்லை. செல்வராணி தலையாட்டிவிட்டுப் பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்டினார்.

மார்கழி விடுமுறையில் மறுபடியும் போனோம். எல்லா இருக்கைகளிலும் இரும்புக் கொக்கி. கழிப்பறை திறந்திருந்தது. நீர்ச்சறுக்கு இன்னும் காய்ந்துதான் கிடக்கிறது. மகள் ராட்டினத்தில் மூன்று முறை சுற்றினாள்.

போகிறவர்களுக்கு: வெயில் தணிந்து நான்கு மணிக்குப் பிறகு போங்கள், குடிதண்ணீர் கொண்டுபோங்கள். ராட்டினம் சுற்றத் தொடங்கமுன் குறுக்குக் கம்பியை நீங்களே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கொக்கி இறுகப் பிடிக்கவில்லையென்றால் இறங்கிவிடுங்கள். இறங்கியதும், உங்களுக்குப் பின்னால் நிற்பவருக்கும் சொல்லுங்கள்.