நாட்டு ஆமை

பூனாவை ஒட்டிய கட்கியில், தன் வீட்டில், சித்தி வெங்காயக் கூடையின் மேலிருந்த துணியை விலக்கிய கணம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உள்ளே உள்ளங்கையளவு ஆமை ஒன்று. கரிய ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்திருந்தன. சித்தி வெள்ளரித் துண்டை நீட்டினாள். அது கழுத்தை நீட்டிக் கடித்தது.

"பாத்தியா, என் குரல் கேட்டாத்தான் தலைய வெளிய நீட்டுது."

வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த சித்தப்பா இறந்துபோன பிறகு அந்த வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. மகன் வெளிநாட்டில். ஏதாவது ஓர் உயிரை வளர்க்கலாமே என்று நான்தான் சொன்னேன். எதை வளர்ப்பது என்று பல நாள் பேசினோம். மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. எதையும் ஒன்று, இரண்டு என்று பிரித்துப் பார்க்காமல் எனக்கு முடிவெடுக்க வராது. வெளியே திரியும் பூனை வேண்டாம், குருவிக் குஞ்சுகளைப் பிடிக்கும். கிளியைக் கூண்டில் வைப்பதே குற்றம். மீன் கடையில் விற்கிற சிவப்புக் காது ஆமை வெளிநாட்டு இனம்; பெரிதானதும் ஆற்றில் விட்டுவிடுவார்கள், அங்கேயே பிறந்த ஆமைகளுக்கு இரை இல்லாமல் போகும்.

சித்தி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டுத் தனக்கென்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். அவள் சமையலறையில் கோழி என்றால் நாட்டுக்கோழி, முட்டை என்றால் நாட்டு முட்டை, தக்காளிகூட, நாட்டு ரகத்துக்கு இந்தியில் சொல்கிற 'தேசி'தான்.

"வெளிநாட்டு ஆமைதானடி ஆவாதுன்னே? இது பக்கா நாட்டு ஆமை. 'தேசி ஹை நா'ன்னு கடைக்காரன ரெண்டு வாட்டி கேட்டுத்தான் எடுத்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கோழிக்கும் தக்காளிக்கும் நல்ல பெயர் வாங்கித் தருகிற அந்தச் சொல், ஆமை விஷயத்தில் காட்டிலிருந்து பிடித்து வந்தது என்றாகிவிடுகிறது. நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்றேன்.

"நான் இன்னா திருடிக்கினா வந்தேன்? வாங்கினேன்."

"நீங்க வாங்கினா அவன் இன்னொண்ணு புடிச்சுட்டு வருவான், சித்தி."

சித்தி கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் கிளம்பும்போதும் அது அங்கேதான் இருந்தது. நான் வற்புறுத்தவில்லை. மறுநாள் காலை அவளே போன் செய்தாள். "ஆட்டோ எடுத்துக்கினு வா."

வனத்துறை அலுவலகத்தில் ஊழியர் ஆமையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூடையின் விளிம்பை விடாமல் பிடித்திருந்த சித்தி, இதை எங்கே விடுவீர்கள் என்று தன் கட்கி இந்தியில் கேட்டாள். இந்த இனம் பூனாப் பக்கத்தது அல்ல, பெரும்பாலும் தெற்கே ஆந்திரா, தமிழ்நாட்டுப் பொட்டல் காடுகளிலிருந்து கடத்தி வருகிறார்கள், உடம்பு தேறியதும் அங்கே அனுப்பப் பார்ப்போம் என்றார் அவர்.

சித்தி கூடைக்குள் குனிந்தாள். "இன்னாடா, நம்மூரா நீ?"

கல்யாணமாகிக் கட்கிக்கு வந்தவள், விசேஷங்களுக்கு வேலூர் போய் வந்ததோடு சரி. "நீயாவது போய்ச் சேரு" என்று சொல்லிவிட்டு விளிம்பிலிருந்து கையை எடுத்தாள்.

இப்போது சித்தி வீட்டில், காப்பகத்திலிருந்து வந்த கிழட்டுத் தெருநாய் ஒன்று இருக்கிறது. எல்லாத் திட்டையும் அதுதான் வாங்கிக்கொள்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை மூவரும் மைதானத்துக்கு நடந்தோம். தரையில் முட்டையிட்டிருந்த ஆள்காட்டிக் குருவி எங்களைப் பார்த்துக் கத்தியது. சித்தி நாயின் கயிற்றைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு, வேலியோரமாகச் சுற்றுப் பாதையில் திரும்பினாள். வெயிலில் எதற்கு இவ்வளவு தூரம் என்றேன்.

"அந்தப் பக்கம் குடித்தனம் இருக்குதுடி" என்றாள்.