ஒரு சேர் ராகிக்கு ஒரு நாடகம்

இரண்டாம் வருஷமும் மழை பொய்த்தபோது, மைசூரில் எங்கள் ரயில்வே குடியிருப்பின் மாதர் சங்கம் தன் பின்னறையைத் தானியக் கிடங்காக மாற்றியது. மாற்றியவர் என் அத்தை. மற்றவர்கள் தலையாட்டினார்கள், அவ்வளவுதான். கட்டட வேலைகள் நின்றுபோய், பக்கத்துக் குடிசைகளில் அடுப்பெரியாத வீடுகள் பெருகியிருந்தன. சனிக்கிழமை காலையில் யார் வந்து நின்றாலும் ராகி அளந்து கொடுப்போம். ஏன், எதற்கு என்ற கேள்வி கிடையாது.

கிடங்கு பாதிக்குக் கீழே இறங்கியதும், நாடகம் போட்டு நிரப்பிவிடலாம் என்று அத்தை அறிவித்தார். எழுதியது அவரே. ராஜாவும் அவரே. மாமாவின் ஷூ பாலிஷ்தான் மீசை. ராணியாக நடிக்கும் பக்கத்து வீட்டு மாமி வசனத்தை மறந்தால், அதையும் ராஜாவே பேசிவிடுவதாக ஏற்பாடு. நுழைவுக் கட்டணம் ஆளுக்கு ஒரு சேர் ராகி, இல்லையென்றால் அரைச் சேர் அரிசி. வாசலில் உட்கார்ந்து அளந்து வாங்கும் பொறுப்பு எனக்கு. எனக்கு அப்போது ஒன்பது வயது. என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருந்ததில்லை.

நாடகமும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம்தான். வரிசை தெருமுனை வரை போயிற்று. நடுவில், கொள்ளேகால் பக்கத்திலிருந்து சித்தாள் வேலைக்கு வந்திருந்த ஓர் அம்மாள் துணிப்பையை என் முன்னால் கவிழ்த்தார். ராகியோடு காய்ந்த வேப்பிலைகளும் விழுந்தன. பூச்சி அண்டாமலிருக்கக் கிடங்கு ராகியில் நாங்கள் போட்டு வைப்பவை. அன்று காலையில் அவருக்கு அளந்து கொடுத்ததே நான்தான்.

நான் எழுந்து நின்று, உள்ளே இருந்த அத்தைக்குக் கேட்கும்படி சொன்னேன். "அத்தை, இது நம்ம ராகி. காலையில நாம குடுத்தது."

கன்னடத்திலும் தமிழிலும் சளசளத்துக்கொண்டிருந்த வரிசை சட்டென்று அடங்கியது. அந்த அம்மாள் காலிப் பையை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தார்.

"எல்லாரும் போட்டுட்டுத்தான உள்ளார போறாங்க அம்மிணி. நா மட்டும் எப்படி வெறுங்கையோட போறது?" என்றார் மெதுவாக.

ஒரு பக்க மீசை மட்டும் வரைந்திருந்த ராஜா வெளியே வந்தார். ராகியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"காலையில குடுத்ததோட அது அவங்க ராகி. அளவு சரியா இருக்கா, அதை மட்டும் சொல்லு."

அளந்தேன். சேர் தலைகட்டி நிறைந்திருந்தது. சரியாக இருக்கிறது என்று வேண்டாவெறுப்பாகச் சொன்னேன். அத்தை அந்த அம்மாளின் கையைப் பிடித்து அழைத்துப்போய், சங்கத் தலைவிக்குப் போட்டிருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

ராணி எதிர்பார்த்தபடியே வசனத்தை மறந்தாள். ராஜா தன்னிடமே கோபித்துக்கொண்டு, தன்னையே சமாதானமும் செய்துகொண்டார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தது அந்த அம்மாள்தான். கிடங்கு நிரம்பிவிட்டது. ஆனாலும் நம் ராகியை நமக்கே கொடுத்து நாடகம் பார்த்தவரைச் சும்மா விட்டுவிட்டார்களே என்று எனக்கு மனசு ஆறவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. கடைசி ஆள் வாங்கிப் போகும்வரை கவனித்திருந்துவிட்டு, வெற்றியோடு அத்தையிடம் சொன்னேன்.

"பாத்தீங்களா, மாட்டிக்கிட்டோம்னு பயந்துட்டாங்க."

அத்தை ஒரு பையை எடுத்து ராகி அளந்து போட்டார். அதன்மேல் இரண்டு கை அள்ளிப் போட்டார். பிறகு பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, உச்சி வெயிலில் குடிசைகள் இருந்த பக்கம் தனியாக நடந்தார்.

ஒருவழியாகத் திட்டத்தான் போகிறார், சாட்சிக்கு ராகியையும் எடுத்துப் போகிறார் என்று எனக்குப் பெரிய திருப்தி. திரும்பி வந்ததும் அந்த அம்மாள் என்ன பதில் சொன்னார் என்று கேட்பதற்காக, சாப்பிடக்கூடப் போகாமல் வாசலிலேயே காத்திருந்தேன்.