குரலுக்கு வாய்தா கொடுத்தவர்

லிஃப்ட்காரர் அந்த மருத்துவமனைக்கு வந்து ஆறு வருடம் நான்கு மாதம் ஆகியிருந்தது. மூன்றாம் வார்டு, ஜன்னலோரக் கட்டில், எண் பன்னிரண்டு. வெளியே இருந்த காலத்தில் இருபத்தொரு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். அதனால் டாக்டர் முதல் துணி வெளுப்பவர் வரை எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். கோர்ட்டுத் தாளில் இருக்கும் பெயர் அப்பா வைத்தது, இது நானே உழைத்துச் சம்பாதித்தது என்பார்.

கோர்ட்டுதான் அவரை அங்கே அனுப்பியது. ஒரு நாள் காலை அக்கா வீட்டு மொட்டை மாடியில் அத்தான் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரரின் காதில் அதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே ஒரு குரல் பேசிக்கொண்டிருந்தது. "தண்ணியில கலக்கறான். உனக்குத்தான் கலக்கறான்." அன்று கையில் இருந்தது பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானர். அத்தானின் இடது கையில் இரண்டு விரல்கள் அன்றிலிருந்து மடங்குவதில்லை. செய்வது இன்னதென்று அறியாத நிலையில் செய்தது எனத் தீர்ப்பானது. சிறைக்குப் பதில், பூட்டிய கதவுகள் கொண்ட இந்த மருத்துவமனை.

மாத்திரையால் குரலின் சத்தம் குறைந்தது. ஆனால் குரல் காலி செய்துகொண்டு போகவில்லை. நான்கு வருடம் அதை நம்பிக்கொண்டும், நம்புவதை வெளியே காட்டாமலும் காலத்தை ஓட்டினார். வேறு யாராவது குடித்த பிறகுதான் குழாயில் தண்ணீர் பிடிப்பார்.

ஐந்தாவது வருடம் புதிதாக ஒரு உளவியல் மேடம் வந்தார். குரல் பொய் என்றோ, அதைக் கண்டுகொள்ளாதீர்கள் என்றோ அவர் சொல்லவில்லை. தொழிலைப் பற்றிக் கேட்டார்.

"லிஃப்ட் மூணாவது மாடியில நிக்குதுன்னு விளக்கு காட்டுது. உடனே கதவைத் திறந்து காலை வெச்சிடுவீங்களா?"

லிஃப்ட்காரர் சிரித்துவிட்டார். "அப்படி வெச்சவன் யாரும் இப்ப உயிரோட இல்ல மேடம். டார்ச் அடிச்சு எட்டிப் பாப்பேன். விளக்கு எரியறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்."

"அந்தக் குரலும் ஒரு விளக்குன்னு வெச்சுக்கிட்டா?"

அவருக்குச் சுருக்கென்றது. மூன்று நாள் மேடத்தின் அறைப் பக்கமே போகவில்லை. நான்காம் நாள் போய், நாற்பது பக்க நோட்டு ஒன்று கேட்டு வாங்கி வந்தார்.

நோட்டில் ஐந்து கட்டங்கள். குரல் சொன்னது என்ன, நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறேன், நம்பக் காரணம், வேறு எப்படி இருக்கலாம், சோதித்துப் பார்த்த பின் எவ்வளவு. முதல் நாள் எழுதியது தொண்ணூற்றைந்து. அது எண்பதாக இறங்க ஏழு வாரம் பிடித்தது. நடுவில் ஒரு முறை தொண்ணூறுக்கு ஏறியது. கயிற்றை மாற்றிய லிஃப்டைச் சோதிப்பது போல, முதலில் ஒரு மிடறு, அப்புறம் அரை டம்ளர், பிறகு முழு டம்ளர் என்று யாரும் குடிக்காத குழாயில் பிடித்துக் குடித்துப் பார்த்தார். ஒன்றரை வருடத்தில் எண் இருபதுக்குள் வந்தது. குரல் மட்டும் இருந்துகொண்டே இருந்தது.

அதற்கும் மேடம் ஒரு வழி சொன்னார். கூப்பிடும்போதெல்லாம் அதனிடம் போகாதீர்கள். நேரம் குறித்துக் கொடுங்கள், அந்த நேரத்தில் வாய்விட்டுப் பதில் சொல்லுங்கள், ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். லிஃப்ட்காரர் அதற்கு வாய்தா கொடுப்பது என்று பெயர் வைத்தார். கோர்ட்டுப் படியேறாத ஆளே இல்லாத வார்டு அது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லோருக்கும் மனு எழுதிக் கொடுப்பதால் வக்கீல் என்று பெயரெடுத்த பதினான்காம் கட்டில்காரர் கேட்டார்.

"என் கேஸுல பதினோரு வாய்தாய்யா. உன் குரலுக்கு எத்தனை?"

"தினம் ரெண்டு. காலையில பதினொண்ணு, சாயங்காலம் அஞ்சு. வரலைன்னா கேஸ் தள்ளுபடி."

ஆறாம் தேதி புதன்கிழமை ஆரம்பித்தார். துணி அறைக்குப் பக்கத்தில் இருக்கும் கைகழுவும் தொட்டிதான் இடம். பதினோரு மணி அடித்ததும் அங்கே போய் நின்று, "சொல்லு. ஆதாரம் என்ன வெச்சிருக்க?" என்று சத்தமாகவே கேட்பார். முடிந்ததும் நோட்டில் நேரத்தைப் போடுவார். இடையில் குரல் தலைகாட்டினால், "இப்ப இல்ல, அஞ்சு மணிக்கு வா" என்று பல்லிடுக்கில் சொல்லிவிட்டு நடப்பார்.

இங்கேதான் வினை வந்தது. அந்த வார்டில் கால் மணிக்கு ஒரு தரம் ஒவ்வொரு கட்டில்காரரும் எங்கே, என்ன செய்கிறார் என்று பார்த்து எழுத வேண்டும். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை எழுதிய ஊழியரின் பட்டப்பெயர் கடிகாரம். மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு மணி நேரத்துக்கானதை மொத்தமாக எழுதிவிடுவார்கள். கடிகாரம் பதினொன்று என்றால் பதினொன்றுக்கு வந்து நிற்பார். தாளில் எழுத்துகள் உண்டு. இயல்பு என்றால் 'இ', உறக்கம் என்றால் 'உ', தனியே பேசுதல் என்றால் 'த'. வேறொருவராக இருந்தால் பாதி வாய்தா கண்ணில் பட்டிருக்காது. கடிகாரம் ஒன்றைக்கூட விடவில்லை.

இருபதாம் தேதி ஆய்வுக்குழு கூடுகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வெளியிலிருந்து வந்து, யார் எவ்வளவு தேறியிருக்கிறார் என்று பார்க்கும் குழு. லிஃப்ட்காரர் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று: காவலோடு நான்கு மணி நேரம் அக்கா வீட்டுக்குப் போய் வர அனுமதி. ஆறு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார். பதினைந்தாம் தேதி தலைமை நர்ஸ் வார்டு அறிக்கையைத் தயாரித்தார். கடந்த பதினான்கு நாட்களில் தனியே பேசுதல் பதினேழு முறை, நோய் திரும்புவதற்கான அறிகுறி இருக்கலாம் என்று அதில் இருந்தது.

லிஃப்ட்காரர் நேரே கடிகாரத்திடம் போனார்.

"என்னண்ணே, இப்படித் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டீங்களே?"

"பாத்ததை எழுதினேன் தம்பி. பாக்காததை ஒரு எழுத்து எழுதல."

"என்ன பேசறேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

கடிகாரம் தாளைத் திருப்பிக் காட்டினார். "கேக்கறதுக்குக் கட்டம் இல்ல தம்பி."

எழுதியதை அடிக்கவும் கூடாது, திருத்தவும் கூடாது. அது கோர்ட்டுக்குப் போகும் தாள். மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். பயிற்சியைப் பற்றி அவர் எழுதிய குறிப்பு அடுத்த கட்டடத்தில் அவருடைய கோப்பில் இருந்தது. வார்டுக் கோப்பில் அதன் நகலைச் சேர்க்க மறந்திருந்தார்.

"தப்பு என்னோடதுதான். அதைக் குழுவுல நானே சொல்லிடறேன். நீங்க நோட்டை மட்டும் மறக்காம எடுத்துட்டு வாங்க," என்றார்.

அன்று லிஃப்ட்காரர் அறிக்கையோடு இருந்த நேரப் பட்டியலின் நகலைக் கேட்டு வாங்கி, நோட்டோடு வரிவரியாக ஒப்பிட்டார். ஆறாம் தேதி முதல் பதினான்கு வரை ஒன்பது நாள், நோட்டில் பதினெட்டு வாய்தா. பத்தாம் தேதி ஞாயிறு, கடிகாரத்துக்கு விடுமுறை. அன்று வந்தவர் ஒரு 'த' கூடப் போடவில்லை. ஆக, தாளில் இருக்க வேண்டியது பதினாறு. இருந்தது பதினேழு. பன்னிரண்டாம் தேதி செவ்வாய், பிற்பகல் 2.30. நோட்டில் அந்த நேரத்துக்கு ஒன்றுமில்லை.

அது என்னவென்று அவருக்குத் தெரியும். அன்று மதியம் அக்கா போனில், "அத்தானும் குழுவுக்கு வர்றேங்கறார்டா," என்றாள். அதன் பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. குரலும் வாய்தாவுக்குக் காத்திருக்கவில்லை. தொட்டியருகே நின்று அதோடு மல்லுக்கட்டி, கையிலிருந்த டம்ளர் தண்ணீரைக் கொட்டிவிட்டார். வெட்கத்தில் அதை நோட்டில் எழுதவில்லை.

வக்கீல் யோசனை சொன்னார். "எழுத மறந்துட்டேன்னு சொல்லுய்யா. பதினாறு பொருந்தினா பதினேழாவதை எவன் நோண்டப் போறான்?"

இருபதாம் தேதி குழு அறையில் நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா, வலப்பக்கம் வெளி மருத்துவமனை டாக்டர், இடப்பக்கம் சமூகநல அதிகாரி. சுவரோரம் அக்காவும் அத்தானும். அத்தான் இடது கையை மடியில் வைத்திருந்தார். மேடம் எழுந்து குறிப்பு எங்கே தங்கிப்போனது என்று சொல்லி, பொறுப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டார். நீதிபதி அம்மா நோட்டை இடதுபுறமும் தாளை வலதுபுறமும் வைத்து விரலால் தொட்டுத் தொட்டு வந்தார்.

"பத்தாம் தேதி நோட்டுல ரெண்டு இருக்கு, தாள்ல ஒண்ணுமே இல்லையே?"

"அன்னைக்குக் கடிகாரத்துக்கு லீவும்மா."

சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார் அம்மா. தலைமை நர்ஸ் விளக்கியதும் டாக்டர் சிரித்துவிட்டார். விரல் மறுபடி நகர்ந்து, பன்னிரண்டில் நின்றது.

"ரெண்டரை மணிக்குத் தாள்ல இருக்கு. நோட்டுல காணோமே?"

லிஃப்ட்காரருக்கு மறந்துட்டேன் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சுவரோரம் பார்த்தார். மடங்காத இரண்டு விரல்களும் தெரிந்தன.

"அது பயிற்சி இல்லம்மா," என்றார். "அன்னைக்கு அது ஜெயிச்சிருச்சு. கையில இருந்த தண்ணியைக் கொட்டிட்டேன். எழுத வெக்கமா இருந்துச்சு."

டாக்டர் பேனாவை மூடிவைத்தார்.

"அப்ப எவ்வளவு நம்பினீங்க?"

"எழுபது இருக்கும் சார். அப்புறம் வேலை ஞாபகம் வந்துச்சு. லிஃப்ட் ஒரு தரம் நின்னா சும்மா விட்டுட்டு வரமாட்டோம், திரும்ப ஓட்டிப் பாத்துட்டுத்தான் வருவோம். மூணு மணிக்கு அதே குழாயில இன்னொரு டம்ளர் பிடிச்சுக் குடிச்சேன். அஞ்சு மணி வாய்தாவுல பாத்தா பதினஞ்சு. அது நோட்டுல இருக்கு."

"மூணு மணிக்குக் குடிச்சதுக்கு யாராவது சாட்சி இருக்கா?"

லிஃப்ட்காரர் கைவிரித்தார். கதவருகே நின்றிருந்த கடிகாரம் தொண்டையைச் செருமினார். "அறிக்கையில 'த' மட்டும்தாம்மா எடுத்திருக்காங்க. முழுத் தாள் எங்கிட்ட இருக்கு." பிரித்து, நிறுத்தி நிதானமாகப் படித்தார். "பன்னிரண்டாம் தேதி. 2.30, த. 2.45, இ, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். 3.00, இ, தொட்டியருகே தண்ணீர் குடித்தார். ஒரு டம்ளர்."

"ஒரு டம்ளர்னு வேற எழுதியிருக்கீங்களா?"

"ரெண்டு குடிச்சிருந்தா ரெண்டுன்னு எழுதியிருப்பேன்மா."

அப்போது நீதிபதி அம்மாவும் சிரித்தார். மூன்று பேரும் தலையைச் சேர்த்து இரண்டு நிமிடம் போலப் பேசினார்கள். பதினாறு பொருந்தியது பெரிதில்லை, பொருந்தாத ஒன்றை மறைக்காமல் சொன்னதும், தானே சோதித்து நிமிர்ந்ததும்தான் எங்களுக்கு வேண்டியது என்றார் அம்மா. நான்கு மணி நேரம், ஒரு ஊழியர் துணை, அடுத்த மாதம் மூன்றாம் தேதி. துணைக்குக் கடிகாரமே போகட்டும் என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார்.

வெளியே நடையில் அக்கா அழுதுகொண்டே திட்டினாள். "தண்ணியைக் கொட்டினேன்னு சொல்றியே, இதை வேற ஊரைக் கூட்டிச் சொல்லணுமாடா? எனக்கு உயிரே போயிருச்சு."

அத்தான் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார். இடது கையால் பிடித்து மூடியைத் திருகப் பார்த்தார், பாட்டில் வழுக்கியது. அதை அப்படியே லிஃப்ட்காரர் பக்கம் நீட்டினார்.

"திற."

திறந்தார். குரல் வந்தது. பல்லிடுக்கில், "அஞ்சு மணிக்கு வா," என்றார்.

அத்தான் காதில் அது விழுந்தது. "நீ குடிச்சுட்டுக் குடு," என்றார்.

லிஃப்ட்காரர் அண்ணாந்து இரண்டு மிடறு குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு பாட்டிலைக் கொடுத்தார். அத்தான் மிச்சத்தைக் குடித்தார்.

"மூணாம் தேதி ஸ்பானர் கொண்டு வராத," என்றார் அத்தான், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "எங்க பில்டிங் லிஃப்ட் நாலு மாசமா ரெண்டாவது மாடியிலயே நிக்குது. என்னன்னு கண்ணால மட்டும் பாத்துச் சொல்லு."

அக்கா அழுகையை விட்டுச் சிரித்தாள். லிஃப்ட்காரர் நிமிர்ந்து நின்று, தொழில்காரனுக்குரிய தோரணையில் கேட்டார். "விளக்கு எதைக் காட்டுது?"

மணி 12.15 ஆகியிருந்தது. கடிகாரம் நடையின் ஓரத்தில் நின்று தாளை எடுத்தார். அன்று காலைதான் தலைமை நர்ஸின் அனுமதியோடு, ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் கூடுதலாகக் கோடு போட்டிருந்தார். தலைப்பு 'பயிற்சி'. அதில் ஒரு 'ப' போட்டுவிட்டு, பக்கத்தில் எழுதினார்: தண்ணீர் குடித்தார், இரண்டு மிடறு, அத்தான் கொடுத்தது.