கொட்டினால்தான் கல்யாணம்

மலாயாவில் ஜொகூருக்கு வந்த முதல் வாரத்திலேயே ஒரு கல்யாண வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனவன் நான். எங்கள் ரப்பர்த் தோட்டத்தை அடுத்த மலாய்க் கம்பத்திலிருந்து, அதாவது கிராமத்திலிருந்து, பறையடிப்பது போல ஒரு சத்தம் வந்தது. நாயனம் இல்லை, வெறும் தோல் அதிர்கிற ஓசை மட்டும். எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். தோட்டத்தில் கணக்கெழுதப் புதிதாக வந்த கிராணி அக்கம்பக்கத்தில் நல்ல பெயர் எடுக்க வேண்டாமா? முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனேன். வாசலில் நின்ற பெரியவரின் கையைப் பிடித்துப் பெருமூச்சு விட்டேன். அவரோ சிரித்த முகமாக என் கையை விடாமல் உள்ளே அழைத்துப் போய், பட்டும் ஜரிகையுமாக வீற்றிருந்த மணமக்களுக்கு எதிரே உட்காரவைத்து, நெய்ச்சோறு போட்டார். அதே துக்கத்தோடு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

அவர்தான் பாக் லேமான். பாக் என்றால் நாம் பெரியவர்களைப் பெரியப்பா என்று கூப்பிடுவது போல. அன்று அவர் மகனுக்குக் கல்யாணம். மற்ற நாட்களில் அந்தக் கம்பத்துக் கொம்பாங் கோஷ்டிக்கு அவரே தலைவர். கொம்பாங் என்பது ஆட்டுத்தோல் போர்த்திய வட்டமான கைப்பறை, நம் கஞ்சிராவுக்குப் பெரியண்ணன். பன்னிரண்டு பேர் சேர்ந்து தட்டினால் மார்புக்கூட்டுக்குள் யாரோ நடப்பது போலிருக்கும்.

இந்த நாட்டில் காதுதான் கடிகாரம் என்பதை மெல்ல மெல்லத் தெரிந்துகொண்டேன். விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்க, கூப்பிடும் தப்புப்பறை. நிரைக்கு நிரை பால்வெட்டும் பெண்கள் எறிந்து பிடிக்கும் பாட்டு. நடுப்பகலில் மசூதி முரசு. சாயங்காலம் சீனன் கடைக் கிராமபோன். அதில் எந்தத் தட்டை வைத்தாலும் பாடுகிறவருக்குச் சளி பிடித்தது போலவே கேட்கும். நானோ காவேரிக்கரைக்காரன். சங்கீதம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவது என்று வளர்ந்தவன். ராகம் கண்டுபிடிப்பதில் எனக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. பக்கத்தில் இருப்பவர் முணுமுணுத்த பிறகுதான் கண்டுபிடிப்பேன் என்பது வெளியே தெரியாது. சங்கீதம் இல்லாவிட்டால் ஒரு மனுஷியின் வாழ்க்கையே நடக்காததாகிவிடும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்தக் கச்சேரியும் இல்லை, செல்லம்மாவின் வீட்டுக் கல்யாணம்.

செல்லம்மா எங்கள் தோட்டத்தில் பால்வெட்டுகிறவள். கப்பலில் கூட வந்த ஒருவனோடு மாரியம்மன் முன்னால் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் குடியேறினாள். மேளத்துக்கு வசதியில்லை. பிள்ளை பெற்று, வளர்த்து, புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் குழாயடியில் வாய்ச்சண்டை முற்றினால் எதிராளி கடைசியில் இதைத்தான் எடுப்பாள்: "ஏண்டி, நீ மேளம் கொட்டிக் கட்டினவளா?" அதோடு செல்லம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். ஊரைவிட்டு வந்த இடத்தில் உறவுக்காரரில்லை, குலத்தைச் சொல்ல ஆளில்லை. மேளம் கொட்டினால் நாலு லயமும் கேட்கும். கேட்டவர்களெல்லாம் சாட்சி. கொட்டாத கல்யாணம் கேட்காத கல்யாணம்.

அதனால்தான் மகள் பவுனுக்கு மாப்பிள்ளை முடிவான அன்றே சிங்கப்பூர் நாயனக் கோஷ்டிக்குச் சொல்லி வைத்தாள். மாப்பிள்ளை பெக்கான் நானாஸ் பக்கத்து அன்னாசித் தோட்டத்துப் பையன். முகூர்த்தத்தன்று காலை மாப்பிள்ளை வீட்டாரின் லாரி வந்தது; நாயனம் வரவில்லை. வழியில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம் அவர்களை நிறுத்திக்கொண்டதாம்.

மாப்பிள்ளையின் பெரியப்பா மாரியம்மன் கோயில் வாசல் பந்தல் காலருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைக்காதீங்க சம்பந்தியம்மா. மேளம் இல்லாம எங்க பையன் தாலி எடுக்க மாட்டான். நாளைக்கு ஒங்கள பேசுறாப்லயே அந்தப் புள்ளையையும் பேசுவாங்க. தேவையா?"

செல்லம்மா என்னைத்தான் பார்த்தாள். படித்தவனை இப்படிப் பார்ப்பதுபோல் ஆபத்து வேறில்லை. "கொஞ்சம் பொறுங்கள்" என்று சைக்கிளை எடுத்தேன்.

பாக் லேமான் விஷயத்தைக் கேட்டதும் எழுந்துவிட்டார். "கோயிலுக்குள்ள வரமாட்டோம் கிராணி, பந்தல் வரைக்கும் வர்றோம். நபி பேருல பாடுற பாட்டு வேணாம், தட்டு மட்டும். போதுமா?" போதாதா! எங்கே நிற்பது, எப்போது தொடங்குவது என்று எல்லாம் விளக்கினேன். தாலி ஏறும் சமயம்தான் எல்லாவற்றையும்விட ஓங்கி அடிக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைப் போய் யாராவது சொல்வார்களா?

கொம்பாங் வந்தது. பிள்ளைகள் ஆடினார்கள். பெரியப்பாவின் கைத்தடி அவருக்குத் தெரியாமலே தாளம் போட்டது. பந்தலிலேயே புத்திசாலி நான்தான் என்பது போல நின்றேன். பூசாரி கையைக் காட்டினார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தான். பாக் லேமான் உள்ளங்கையை உயர்த்தினார். பன்னிரண்டு கொம்பாங்கும் ஒன்றாக நின்றன.

அப்படியொரு நிசப்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. எங்கோ ஒரு கோழி கொக்கரித்தது. யாரோ தும்மினார். பையனின் கை அந்தரத்தில் நின்றது. ஓடினேன்.

"ஏன் பாக் நிறுத்திட்டீங்க?"

அவர் என்னைவிடத் தாழ்ந்த குரலில் மலாயில் சொன்னார்: "வாக்குக் கொடுக்கிற நேரமாச்சே. எங்கள்ல அப்போ மூச்சுக்கூட பலமா விடமாட்டோம். பையன் சொல்றத சாட்சிங்க காதால கேக்கணும்ல?"

கெட்டிமேளம் என்பதை மலாயில் எப்படிச் சொல்வது? இத்தனை வருஷம் படித்த புத்தகமெல்லாம் எனக்குள் வரிசையாக நின்று கையை விரித்தன. பின்னாலிருந்து பெரியப்பாவின் குரல்: "தம்பி, கயித்தக் கீழ வை."

செல்லம்மா விதவை. பந்தலின் கடைசிக் காலுக்கு அந்தப் பக்கம், நல்ல காரியத்தில் கண்ணில் படாமல் நின்றிருந்தாள். அங்கிருந்து பெண்களை விலக்கிக்கொண்டு, மணவறையைத் தாண்டி, நேரே கொம்பாங்காரர்கள் முன்னால் வந்து நின்றாள்.

"பூக்குல், பாக்! பூக்குல்!"

அடியுங்கள் என்று அர்த்தம். சந்தை மலாய்தான், இலக்கணம் இல்லை. பாக் லேமான் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு அவரே ஓங்கி முதல் அடி அடித்தார். மற்றவையும் சேர்ந்துகொண்டன. பந்தல் கீற்றுகள் நடுங்கின. தாலி ஏறியது. செல்லம்மா வாய்விட்டு அழுதாள் போலிருக்கிறது. வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை.

பந்தியில் பெரியப்பா மெதுவாக ஆரம்பித்தார்: "ஆமா சம்பந்தியம்மா, இது எந்த ஊரு மேளம்?"

"இந்த ஊரு மேளம்" என்றாள் செல்லம்மா, ரசத்தை ஊற்றிக்கொண்டே.

அவர் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். "சத்தம் பெக்கான் நானாஸ் வரைக்கும் கேட்டிருக்கும்" என்றார். குழாயடிச் சண்டையில் அந்தக் கேள்வி அதற்குப் பிறகு வந்ததாக எனக்குத் தெரியாது.

பாக் லேமானும் நானும் அதைப் பற்றிப் பல நாள் பேசியிருக்கிறோம். ஊர் கேட்க வேண்டும் என்பதற்காக நாங்கள் சத்தம் போடுகிறோம். அதற்காகவே அவர்கள் சத்தத்தை நிறுத்துகிறார்கள். யார் செய்வது சரி என்பதில் இருவருமே விட்டுக்கொடுத்ததில்லை.

போன வருஷம் தம்பி மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். தவிலும் நாயனமுமாகப் பிரமாதமான மேளம். முகூர்த்த வேளையில் கெட்டிமேளம் முழங்கியது. எல்லோரும் அட்சதை தூவினார்கள். எங்கள் ஊர், எங்கள் மேளம், என் கையிலும் அட்சதை. தம்பி தோளைத் தொட்டான். "என்னண்ணா, போடலையா? தாலி ஏறியாச்சே!" அப்போதுதான் தெரிந்தது: அந்த முழக்கத்தின் நடுவே, யாரோ உள்ளங்கையை உயர்த்தி நிறுத்துவார், பையன் குரல் கேட்கும் என்று நான் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். விரலைப் பிரித்துப் பார்த்தேன். அரிசி வேர்வையில் ஊறி உள்ளங்கையோடு ஒட்டியிருந்தது, உதறியும் விழவில்லை.